கட்டாத கடிகாரம்

ஜெஸ்லின் கடைக்குள் பாய்ந்த வேகத்தில் குடை ஒரு பக்கம் போனது, செருப்பு இன்னொரு பக்கம் போனது.

கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் பாலிஷ் சக்கரம் சீறிக்கொண்டு சுழன்றது. அதன் முன்னால் குனிந்திருந்தவனின் விரல்களுக்கிடையில் ஒரு கைக்கடிகாரம். அதன் விளிம்பு சக்கரத்தைத் தொட இன்னும் ஒரு நூல் இடைவெளிதான் பாக்கி.

கூப்பிட்டு, விளக்கி, புரியவைக்க அவகாசமில்லை. சுவரோரம் ஓடிய ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. பிளக் கையோடு வந்தது. சக்கரம் முனகி நின்றது.

"கரண்ட் போயோ?" என்றான் அவன், நிமிராமலே.

"போகலை. நான் கையில பிடிச்சு வச்சிருக்கேன். வேணும்னா தரேன், முதல்ல அந்த வாட்ச்சைக் கீழே வை."

நிமிர்ந்தான். சாலைக் கடைத்தெருவின் கோடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் சுஜித். முகத்தில் கோபம் வருவதற்கு முன் குழப்பம் வந்தது. "எந்தா சேச்சி இது? கோவளத்துல ஒரு சாயிப்பு காத்துட்டு இருக்காரு. வெள்ளைக்காரனுக்குப் பளபளன்னு கொடுத்தாத்தானே நமக்கு ஒரு மரியாதை."

"சேச்சியா? உனக்கும் எனக்கும் ஒரே வயசுதான் இருக்கும். நான்தான் முகத்துக்குப் பாலிஷ் போடாம வந்துட்டேன்."

அவளுக்குப் பின்னால் தாணுமாலயன் நுழைந்தார். போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தம்பானூரில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். உதவியாளரான ஜெஸ்லின் ஓட வேண்டும், தாம் நடக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். குடையை மடக்கி, மூலையில் சாய்த்து, கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இது எங்கேருந்து வந்தது தம்பி?"

"ஆக்ரிக்காரன் கொண்டு வந்தான் சார். பழைய இரும்பு, பித்தளையோட சேர்த்து."

"கடையில எங்கே வச்சிருந்தே?"

"முன்னால, ரோட்டைப் பார்த்த கண்ணாடியில. அங்கேதான் வைக்கணும்னு சொல்லித்தானே தந்தது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பழைய இரும்பு எடுக்கிறவன் ஷோகேஸ் அலங்காரமும் சொல்லித் தர்றானா?" என்றாள் ஜெஸ்லின். "நல்ல முன்னேற்றம்."

இரண்டு தடவை இருமிவிட்டு சுஜித் உண்மையைக் கக்கினான். யாரோ ஒரு பெரியவர். தமிழ் பேசினார். மழைக்குக் குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. வாட்ச்சைக் கொடுத்தார், விலை கேட்கவில்லை. முன்னால் வை, கொஞ்ச நாளைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுஜித்தும் பொறுமையாகத்தான் இருந்தான், சாயிப்பு வரும்வரை.

தாணுமாலயன் வாட்ச்சை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கறுத்த முகம், வெள்ளை எண்கள், பன்னிரண்டுக்குக் கீழே சின்னதாக ஓர் அம்பு முத்திரை. பட்டாளம் கொடுக்கிற வாட்ச். வார் இல்லை. வாசலைப் பார்த்து, "வாங்கம்மா" என்றார்.

படியில் நின்றிருந்த ரத்னாபாய் உள்ளே வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உத்தியோகம். நெற்றியில் குங்குமம், பாதி நரைத்த தலையில் ஒரு துண்டுப் பிச்சிப்பூ. வாட்ச்சைக் கையில் வாங்கவில்லை. அவர் நீட்டிய கையின் மேலேயே வாட்ச்சின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே ஒரு வெட்டுக்காயம் போல உலோகம் நசுங்கியிருந்தது.

"நாந்தான்" என்றாள். "கல்யாணம் கழிஞ்சு அவிய வந்த முத லீவு. ஆட்டுகல்லு மேல போட்டுட்டேன். சர்க்கார் முதலு, இனி என்னைய கோர்ட் மார்ஷல் பண்ணிப்போடுவான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ."

அவிய என்றது கணவர் பகவதியை. சிக்னல்ஸ் பிரிவு ஜவான். எழுபத்தொன்று யுத்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. 'காணவில்லை' என்று முதலில் ஒரு தாள் வந்தது. பிறகு 'இறந்ததாகக் கருதப்படுகிறது' என்று இன்னொன்று. ஆரியசாலையில் கணவரின் அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அந்த இரண்டாவது தாளை இன்றுவரை ரத்னாபாய் ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்று காலை கோயிலுக்குப் போகிற வழியில் இந்தக் கண்ணாடிக்குள் அந்த வாட்ச்சைப் பார்த்திருக்கிறாள். நேராகத் தம்பானூர் வந்து தாணுமாலயனின் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு நான் டெல்லிக்கு ரயில் ஏறணும் சார்" என்றாள் இப்போதும். "காணாமப் போன பட்டாளக்காரங்க வீட்டுக்காரங்க எல்லாரும் போறோம். எதிரி நாட்டு ஜெயில்ல தேடச் சொல்லி மனு. இப்ப கார்கில்ல இருந்து தெனம் பெட்டி வருகுல்லா, டிவியில காட்டுகான். எனக்குப் பெட்டி வரல்ல. கருதப்படுகிறதுன்னுதான் எழுதியிருக்கான், பாத்தேன்னு ஒருத்தனும் எழுதல்ல. இந்த வாட்ச் எப்படி இங்க வந்துதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்க. ஏறுகதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணிக்கிடுவேன்."

சுஜித் பிளக்கை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தான்.

சாஸ்தமங்கலத்தில் சத்தியதாஸின் வீட்டு முன்னறைச் சுவர் முழுவதும் கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசை வரிசையாக வாட்ச்சுகள். கணக்கு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பட்டாள வாட்ச் என்றால் சாப்பாட்டை மறப்பவர்.

"உங்களுக்கும் ரெண்டு கைதானே சார்?" என்றாள் ஜெஸ்லின், அலமாரியைப் பார்த்தபடி.

"என் பொண்டாட்டியும் இதைத்தான் கேட்டுட்டு இருக்கா மோளே." அவர் கண் தாணுமாலயனின் கையிலேயே இருந்தது. வாங்கினார். லென்ஸை வைத்தார். மூச்சை இழுத்துக்கொண்டார். "பாலிஷ் படாத உருப்படி. நல்லவேளை."

"பட்டிருந்தா?"

"தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதான். பளபளப்புக்கு நகைக்கடைக்குப் போகலாமே, இங்கே எதுக்கு வரணும்?" உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. வார் கோக்கிற கம்பியைக் காட்டினார். கழற்ற முடியாதபடி பற்ற வைத்தது, ஓட்டத்தில் கையைவிட்டு விழாமல் இருக்க. குமிழை வெளியே இழுத்தார், விநாடி முள் டக்கென்று நின்றது. நாலு திசையில் நிற்கிற நாலு பேரும் ஒரே நொடியில் மணியைச் சரிசெய்து கொள்வதற்காக. "ஆனா நாங்க இதுக்கு அலையிறது இந்த வேலைப்பாட்டுக்காக இல்லை. கடையில கிடைக்கிற வாட்ச்சை யாரும் வாங்கலாம். இதை யாருக்கும் விக்கலை, சர்க்கார் கொடுத்தது. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கும். பழசானா நசுக்கி எறிஞ்சிடும். அதுக்கும் தப்பி ஒண்ணு வெளியில கிடக்குதுன்னா ரெண்டே காரணம்தான். ஒருத்தன் திருடியிருக்கான். இல்லேன்னா ஒருத்தன் திரும்பி வரலை. எங்க ஆளுங்க அள்ளிக் கொடுக்கிறது அந்த ரெண்டாவது காரணத்துக்குத்தான்."

சொல்லி முடித்தபோதுதான் சோபா நுனியில் உட்கார்ந்திருந்த ரத்னாபாயின் முகத்தைப் பார்த்தார். "மன்னிக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டுப் பின்மூடியைத் திறப்பதில் மும்முரமானார்.

மூடி திறந்தது. சத்தியதாஸின் முகம் தொங்கியது.

"இது போர்முனையில கிடைச்ச சாதனம் இல்லை. ஊருல வளர்ந்த பிள்ளை."

மூடியின் உட்புறம் ஊசியால் கீறிய கீறல்கள். வாட்ச்சைக் கழுவி எண்ணெய் போடுகிற ரிப்பேர்காரன் ஒவ்வொருவனும் மூடிக்குள் தன் அடையாளத்தைக் கீறி, பக்கத்தில் வருஷத்தையும் போட்டுவிடுவது வழக்கம். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால், தான் தொட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள. இங்கே எல்லாக் கீறலும் ஒரே கைதான். குட்டியாக ஒரு வில். முதல் வில்லுக்குப் பக்கத்தில் எழுபத்திரண்டு. கடைசி வில் போன வருஷத்தது.

"இந்த வில்லு கிழக்கேகோட்டை ஐயப்பனோடது" என்றார் சத்தியதாஸ்.



ரத்னாபாய் மெதுவாகப் பேசினாள், தனக்குத்தானே கணக்குப் போடுகிறவள் மாதிரி. "அப்ப யுத்தம் முடிஞ்ச வருஷமே இது இங்க இருந்திருக்கு. இந்த ஊர்லயே. அவிய வந்திருக்காவ." கை முந்தானையைத் தேடியது. "வந்துட்டு எங்கிட்ட வரல்ல."

செத்துப்போனான் என்பதைவிட மோசமான ஒரு செய்தி இருக்க முடியும் என்று ஜெஸ்லின் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

தாணுமாலயன் லென்ஸை வாங்கி வாட்ச்சை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அவசரப்படாதீங்கம்மா. தினம் கையில கிடக்கிற வாட்ச் எப்படி ஆகும் சத்தியதாஸ்?"

"சட்டைக் கை உரசி, மேசை உரசி, விளிம்பெல்லாம் மழுங்கிடும்."

"இதுல?"

சத்தியதாஸ் குனிந்தார். "கத்தி மாதிரி இருக்கு. அந்த நாலு மணிக் காயம் தவிர புதுசுதான்."

"இப்போ சாவி கொடுக்கிற குமிழைப் பாருங்க."

பார்த்தார். குமிழைச் சுற்றி இருக்க வேண்டிய பற்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன, பல வருஷம் வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் போல.

"தினமும் சாவி கொடுத்திருக்காங்க. ஒரு நாளும் கட்டலை" என்றார் தாணுமாலயன்.

"கட்டாத வாட்ச்சுக்கு எதுக்கு சார் சாவி?"

"தன்னோடதா இருந்தா கட்டியிருப்பான் ஜெஸ்லின். தன்னோடது இல்லை, அதனால கட்டலை. ஆனா நின்னுடவும் கூடாது. அப்படி ஒருத்தன்கிட்ட இது இருந்திருக்கு." ரத்னாபாயின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் செய்யிற காரியம் இல்லைம்மா இது. சொந்த வாட்ச்சை இத்தனை வருஷம் பெட்டிக்குள்ள போட்டு யாரும் சாவி கொடுக்க மாட்டாங்க. அவர் உங்களை விட்டுட்டு எங்கேயும் ஒளிஞ்சு உட்காரலை."

அந்த அம்மாளின் முகத்தில் நிம்மதி வந்தது. அவர் தன்னை ஏமாற்றவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, அந்த நிம்மதிக்கு விலையாக அவர் உயிரோடு இருப்பார் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டோம் என்பதும் விளங்கியது. ஜெஸ்லின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கிழக்கேகோட்டையில் ஒரு கட்டிடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஐயப்பனின் கடை. ஒரு கண்ணில் லென்ஸ், இன்னொரு கண் ரோட்டில். நிறுத்தத்தில் எந்த பஸ் வந்து நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

"கஸ்டமர் பேரு கேட்டா சொல்ல மாட்டான், கேட்டியா" என்று தாணுமாலயன் வரும் வழியிலேயே எச்சரித்திருந்தார். ஆகவே ஜெஸ்லின் கேட்கவே இல்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி நேராகப் போய் வாட்ச்சைப் பலகையில் வைத்தாள்.

"கழுவி வைக்கச் சொல்லிவிட்டாங்க அண்ணே."

ஐயப்பன் எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. நாலு மணிக் காயம் போதும் அவருக்கு. "போன வருஷந்தானே பண்ணினேன்? அண்ணாச்சிக்கு மறதி வந்துபோச்சா?"

"வயசாகுதில்ல."

"அதுவும் செரிதான்." மூடியைத் திறப்பதற்கு முன்பே துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "இந்த ஒரு வாட்ச்தான் மோளே. எப்பத் தொறந்தாலும் எனக்குத் தும்மல். மிளகா வத்தல் மண்டியில கணக்கு எழுதுகவருக்கு வேற எப்படி இருக்கும்? சக்கரத்துக்கு நடுவுல எல்லாம் மிளகாப்பொடி. அந்த மண்டியை விட்டு நின்னதுக்கப்புறம்தான் கொஞ்சம் கொறஞ்சிருக்கு."

"கட்டவே மாட்டாரே, எதுக்கு இப்படிச் செலவு பண்றாரு?"

"நானும் ஒருக்கா கேட்டேன். இது கெட்டுகதுக்கு உள்ளது இல்ல ஐயப்பா, கேக்கதுக்கு உள்ளதுன்னாரு. ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிடுவாராம்."

ஜெஸ்லினின் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம். ஆட்டோவுக்குள் இருக்கச் சொன்ன ரத்னாபாய் இறங்கி வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"வாங்கம்மா போலாம்" என்றாள் ஜெஸ்லின். "ஆரியசாலையில மிளகாய் மண்டி எத்தனையோ இருக்கு. ஒவ்வொண்ணா விசாரிப்போம்."

"விசாரிக்காண்டாம்." ரத்னாபாய் பலகையிலிருந்து வாட்ச்சை எடுத்துக்கொண்டாள். முதல் தடவையாகத் தன் கையால். "வீட்டுக்குப் போவோம். மாடியில இருக்காவ."

ஆரியசாலையில் சாக்கு ஏற்றிய வண்டி ஒன்று சந்துப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அதை ஒட்டி நடந்தார்கள். ஈரச் சாக்கும் வத்தலும் கலந்த நெடி.

மாடியறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஒன்றை ஆறு சிப்பாய்கள் விமானத்திலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். எதிரில் நாற்காலியில் வேலப்பன். பகவதியின் அண்ணன். மெலிந்த உடம்பு, கணக்கு எழுதி எழுதி வளைந்த தோள். வாசலில் கொக்கியில் ஈரக்குடை தொங்கியது.

தம்பி மனைவியின் கையைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"பாத்துட்டியா" என்றார்.

கேள்வி இல்லை அது. தாணுமாலயனுக்கு விளங்கியது. "அவங்க பார்க்கணும்னுதானே வச்சீங்க. கோயிலுக்குப் போற வழியில, கண்ணுக்கு நேரா."

"வாயில வரல்ல சார். எத்தனையோ மட்டம் சொல்லணும்னு மாடியிறங்கிப் போயி, சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்திருக்கேன்." குரல் தடுமாறவில்லை, களைத்திருந்தது. "டெல்லிக்குப் போகாதன்னு சொன்னேன், கேக்கல்ல. இல்லாத ஒருத்தனைக் கேட்டு அங்க தெருவுல நிக்கப் போறா. எவனாவது ஒருத்தன் ஜெயில்ல பாத்தேன்னு சொல்லுவான். அதையும் நம்புவா. அதுக்கு மேல எனக்குத் தாங்காது."

"இது எப்ப வந்துது பெரியத்தான்?"

ரத்னாபாயின் குரலில் கோபம் இல்லை என்பதுதான் ஜெஸ்லினைப் பயமுறுத்தியது.

"யுத்தம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல. தங்கபாண்டின்னு ஒரு பையன், அவங்கூட ஒயர் இழுத்தவன். தென்காசிப் பக்கம். ஊருக்குக்கூடப் போகாம மண்டி வாசல்ல வந்து நின்னான், கைக்குக் கட்டுப் போட்டிருந்தான். அவந்தான் தம்பி உடம்பு மேல மண்ணள்ளிப் போட்டிருக்கான். பொறவு அந்த எடம் எதிரி பக்கம் போயிட்டு. இவன் மேலதிகாரிகிட்ட சொன்னான்தான், ஆனா உடம்பு கிட்டாம பட்டாளத்துல அப்படித்தான் எழுதுவான். கருதப்படுகிறதுன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ நெறமாசம்." வேலப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை பொறக்கட்டும், அதுக்கப்புறம் சொல்லுவோம்னு நெனச்சேன்."

பிள்ளை பிறந்தது. அழவில்லை. அதை அவர் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்ற விதத்தில் ஜெஸ்லினுக்குத் தெரிந்துவிட்டது.

"மயக்கம் தெளிஞ்சதும் நீ கேட்டது என்னன்னு உனக்கு ஓர்மை இருக்கா? அவியளுக்கு எழுதியாச்சா, கேட்டா வருத்தப்படுவாவளே, அடுத்த லீவுக்கு வரச் சொல்லணும்னே. அதுக்குப் பொறவு எந்த வாயை வச்சு நான் சொல்ல?"

டிவியில் பெட்டியின் மேல் ஒரு சின்னப் பெண் கையை வைத்தாள். ஜெஸ்லின் போய் டிவியை நிறுத்தினாள்.

கேஸ் முடிந்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் தாணுமாலயன் சத்தமில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். இறங்கவில்லை. வாசற்படியில் நின்று, கேட்கலாமா வேண்டாமா என்று தன்னோடு சண்டை போடுகிறவர் மாதிரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சர்க்கார் பொருளை ஒளிச்சு எடுத்துட்டு வந்தது தெரிஞ்சா அந்தப் பையனுக்குத் தண்டனை. அடிபட்ட கையோட, ஊருக்குக்கூடப் போகாம, அதைக் கொண்டு இங்கே வந்திருக்கான். வாட்ச்சை மட்டும் கொடுக்கிறதுக்கு ஒருத்தன் அவ்வளவு தூரம் வர மாட்டான் சார்."

வேலப்பனின் முகம் வெளுத்ததை ஜெஸ்லின் பார்த்தாள். தம்பி செத்ததைச் சொன்னபோதுகூட அப்படி வெளுக்கவில்லை.

ரத்னாபாய் ஓரடி முன்னால் வந்தாள். "அவிய என்ன சொல்லிவிட்டாவ?"

"வேண்டாம்மா."

"பெரியத்தான். எனக்குச் சொல்லிவிட்ட வார்த்தைல்லா அது."

அவர் நிமிர்ந்து அவளை முழுசாகப் பார்த்தார். நரைத்த தலையை, குங்குமத்தை, எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டி மாட்டிக் காதோரம் விழுந்திருந்த தழும்பை.

"அவளைக் காக்க வச்சிராதீங்கண்ணான்னு சொல்லிவிட்டிருந்தான்" என்றார் வேலப்பன். "இருபது வயசுதான் ஆவுது, நல்ல எடமாப் பாத்து மறுபடியும் கெட்டிக் குடுங்கன்னு."